மாப்பிள்ளை வராத கதை

பாப்பா,

நீயும் உன்னோடு இருக்கும் அவளும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். அப்பாவுக்கு எழுத வராதே, இது யார் கையெழுத்து என்று பார்த்ததுமே நினைத்திருப்பாய். நமக்குக் கீழ்மாடியில் இருக்கும் வாத்தியார் எதிரே உட்கார்ந்து எழுதுகிறார், நான் சொல்கிறேன். "நீங்க பேசுங்கண்ணே, நான் எழுத்துத் தமிழ்ல ஆக்கிடறேன்" என்றார். ஆக்கட்டும். ஆனால் அம்மா பேசியதையும் நீ பேசியதையும் பேசியபடியேதான் போட வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன். அம்மா பேச்சில் இலக்கணம் புகுந்தால் அவள் அம்மாவாகவே இருக்கமாட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். அடுத்த மாதம் வேலைக்காக நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கே குடிபோகிறாய் என்று சொன்னாய். அம்மாவின் முதல் வருஷத் திதிக்குக் காலையில் வந்துவிட்டு அன்று சாயங்காலமே கோலாலம்பூர் திரும்பிவிடுவாய் என்றும் சொன்னாய். "ஒரு ராத்திரி தங்கக்கூடாதாமா?" என்று கேட்டேன். "இல்லப்பா, வேலை இருக்கு. தனியாத்தான் வரேன்" என்றாய். யாரோடு வருகிறாய் என்று நான் கேட்கவில்லை பாப்பா. கேட்காத கேள்விக்கு நீயாகப் பதில் சொன்னாய். போனை வைத்த பிறகு அந்தத் 'தனியா' என்ற சொல் வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. இன்று காலை வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

நீ தனியாக வரக்கூடாது. அவளையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இந்த ஒரு வரியோடு நிறுத்திவிட்டால் நீ நம்பமாட்டாய், ஊருக்குப் போகும் மகளிடம் அப்பா ஏதோ ஒப்புக்குச் சொல்கிறார் என்று நினைப்பாய். அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு எழுத்துதான் தெரியாது, ஞாபகம் கெட்டுப்போகவில்லை.

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு நீ வந்தபோது அம்மா கையில் ஒரு புத்தகம் கொடுத்தாய். மஞ்சள் அட்டை, அதில் ஒரு சின்னக் கார், கார்மேல் 'எல்' பலகை. "காதல் கதை, வாசிச்சுப் பாருங்கம்மா. வயிறு வலிக்கச் சிரிப்பீங்க" என்றாய். கொடுக்கும்போது உன் கை புத்தகத்தை உடனே விடவில்லை. அம்மாவும் பிடித்திருந்தாள், நீயும் பிடித்திருந்தாய். நான் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தின்மேல் பிள்ளைக்கு அவ்வளவு ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மா உன் முகத்தைப் பார்த்த பார்வையையும் பார்த்தேன். அதற்கு ஒன்றும் நினைக்கத் தோன்றவில்லை.

அம்மா வாசிக்க நான் கேட்பது எங்கள் வீட்டில் எப்படி ஆரம்பித்தது என்று உனக்குச் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில், எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. லோரி ஓட்டிவிட்டு வந்து பேப்பரை விரித்து வைத்துக்கொள்வேன். ஒரு நாள் ஒரு பக்கம் முழுக்க ஆண் படமும் பெண் படமுமாக, எல்லாருக்கும் மாலை. கல்யாண வாழ்த்து என்று நினைத்து, "இந்த ஜோடி நல்ல பொருத்தம்" என்று அவளிடம் காட்டினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அவங்க செத்துப் போனவங்கங்க. நினைவஞ்சலி" என்றாள். சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் டீ போட்டுக்கொண்டு வந்து, நான் கேட்காமலே சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். கடைசிவரைக்கும் அது நிற்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் மூன்றாம் ஆளுக்குத் தெரியாமல் இப்படி ஒரு மறைப்பு, ஒரு தாங்கல் இருக்க வேண்டும் பாப்பா. உங்கள் இரண்டு பேருக்கும் அது என்னவென்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அந்நிய ஊரில் அதைக் கைவிட்டுவிடாதீர்கள்.

உன் புத்தகத்தையும் அப்படித்தான் வாசித்தாள். கதை நம் பினாங்கிலேயே நடக்கிறது. ஜெயா என்று ஒருத்தி, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். தன்னிடம் படித்தவர்கள் யாரும் லைசன் சோதனையில் தோற்றதே இல்லை என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிகிறவள். அவளிடம் பத்மா என்று ஒரு தையற்காரி வந்து சேர்கிறாள். இவள் மற்ற நாளெல்லாம் நன்றாகத்தான் ஓட்டுகிறாள், சோதனை நாளில் மட்டும் கோட்டை விடுகிறாள். புக்கிட் என்று சொல்லுவோமே, வண்டியை மேட்டில் பாதியில் நிறுத்தி, பின்னால் நகராமல் மறுபடி ஏற்ற வேண்டும், அதில் ஒவ்வொரு தடவையும் வண்டி பின்னால் உருளுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சோதனைக்காரர் மலாய்க்காரர், வேர்த்து வழிந்து, அடுத்த தடவை இவள் பெயரைப் பட்டியலில் பார்த்ததுமே வயிற்று வலி என்று லீவு போட்டுவிட்டுப் போகிறார். ஜெயாவுக்கு மானம் போகிறது. காசு வேண்டாம், வா என்று கூட்டிக்கொண்டு போய்ப் போய்ப் பழக்குகிறாள். பத்மா வேண்டுமென்றே தோற்கிறாள் என்று வாசிக்கிற நமக்குத் தெரிகிறது, ஜெயாவுக்கு மட்டும் தெரியவில்லை. நான் வாழ்நாள் முழுக்க ஓட்டியவன். அந்தப் பாலிக் புலாவ் மலைப்பாதை வளைவுகளில் பத்மா தப்பான கியர் போடும்போதெல்லாம் என் கால் தானாகப் போய் நாற்காலிக்குக் கீழே பிரேக் தேடும். அம்மா அதைப் பார்த்துவிட்டு வாசிப்பை நிறுத்திச் சிரிப்பாள்.

ஒரு இடத்தில் அவர்கள் கார் மலைப்பாதையில் நின்றுவிடுகிறது. டுரியான் ஏற்றிவரும் லோரியை நிறுத்திப் பின்னால் ஏறிக்கொள்கிறார்கள். முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஜெயாவின் சித்தி. ஜெயாவுக்கு மாப்பிள்ளை பேசிவிட்டு, மாப்பிள்ளையைப் பற்றி டிரைவரிடம் அளந்துகொண்டே வருகிறாள். பின்னால் இவர்கள் பழக்குவியலுக்குள் ஒளிந்துகொண்டு, முள் குத்தினாலும் கத்தக்கூடாது. ஒவ்வொரு வளைவிலும் குவியல் சரிகிறது. அம்மாவால் வாசிக்க முடியவில்லை, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். எனக்கு டீ மூக்கில் ஏறி, பக்கத்து வீட்டு சீனக் கிழவி கதவைத் தட்டி, "அங்கிள் ஓகே-லா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எங்கள் இரண்டு பேருக்கும் அவ்வளவு சந்தோஷமான மூன்று மாதம் வேறு இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நான் மட்டும் ஒன்றை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். "மாப்பிள்ளை எப்ப வருவான்?" காதல் கதை என்று நீ சொல்லியிருந்தாயே. "வருவான்லா. பொறுமையா கேளுங்க" என்பாள். முதலில் அந்தச் சோதனைக்காரர்தான் மாப்பிள்ளை என்று நினைத்தேன். பிறகு வண்டியைப் பழுதுபார்க்க ஒரு மெக்கானிக் வந்தான். "புடிச்சிட்டேன், இவன்தான்" என்றேன். "அப்படியா சொல்றீங்க?" என்று அவளும் தலையை ஆட்டினாள். அவன் கார்புரேட்டரைக் கழுவிக்கொடுத்துவிட்டுக் கதையைவிட்டே போய்விட்டான். எனக்குக் கோபமாக வந்தது. அதே நாட்களில்தான் உனக்கும் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தேன். கெப்பாலா பத்தாஸ் ஊரில் இருக்கும் உன் அத்தை சொன்ன அந்தக் கிளார்க்குப் பையன் உன்னைப் பார்க்க வந்து, போகும்வரை தன் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையே பேசினானே, அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. இன்னொரு ஜாதகம் சட்டைப்பையிலேயே இருந்தது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். சாயங்காலம் புத்தகத்தை மட்டும் எடுப்பாள்.

ஒரு நாள் வாசிப்பு மெதுவாயிற்று. சோதனைக்கு முந்தின நாள், அந்த மேட்டில் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு பத்மா சொல்கிறாள். "நான் பாஸ் பண்ணிட்டா, நாளையிலேர்ந்து உன் வண்டில எனக்கு என்ன வேலை?" ஜெயா கியர்மேல் இருந்த பத்மாவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். வண்டி மெல்லப் பின்னால் உருளுகிறது, இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அம்மா அங்கே நிறுத்தினாள்.

"சரி, மாப்பிள்ளை?" என்றேன்.

"இந்தக் கதைக்கு மாப்பிள்ளை கெடையாதுங்க. இதான் ஜோடி."

"ரெண்டும் பொம்பளைங்க."

"ஆமா."

"இதெல்லாம் ஒரு கதையா? மூடி வை."

"நேத்துவரைக்கும் விழுந்து விழுந்து சிரிச்சீங்களே?"

"நேத்து எனக்குத் தெரியாதுல்ல."

"அப்ப தெரியாம சிரிச்சா நல்ல கதை, தெரிஞ்சுக்கிட்டா கெட்ட கதையா?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கோப்பிக் கடைக்குப் போய்விட்டேன். மறுநாள் சாயங்காலம் டீ வந்தது, புத்தகம் வரவில்லை. அம்மா தரையில் பேப்பரை விரித்து நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். டீ ஆறிப்போயிற்று. என்னால் முடியவில்லை பாப்பா. "அந்தப் புள்ளைக்கு லைசன் கெடச்சுதா?" என்றேன்.

"எந்தப் புள்ளைக்கு?"

"அதான், அந்தத் தையக்காரிக்கு."

"கெட்ட கதையாச்சே. உங்களுக்கெதுக்கு?"

"கெட்ட கதைதான். லைசன் கெடச்சுதா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"மட்டும் எல்லாம் சொல்ல முடியாது. கை கழுவிட்டு வரேன், இருங்க" என்று எழுந்து போனாள். போகும்போது அவள் முதுகு குலுங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு போகிறாள் என்று பின்னாலிருந்தே தெரிந்தது.

முழுக்க வாசித்து முடித்தோம். அதன் கடைசிப் பக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஜெயா தன் அப்பாவிடம் பத்மாவைக் கூட்டிக்கொண்டு போகும் இடம். அப்பா சூலியா தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், காது மந்தம், எதையும் வியாபாரமாகவே பார்ப்பவர். ஜெயாவுக்கு உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. "இது என் கூட்டாளிப்பா" என்கிறாள். நாம் இங்கே சிநேகிதத்தை அப்படித்தான் சொல்வோம், பள்ளிக்கூடக் கூட்டாளி, கோப்பிக் கடைக் கூட்டாளி. அந்தப் பாத்திரக்கடைக்காரருக்கோ கூட்டாளி என்றால் கடையில் பங்காளி. டிரைவிங் ஸ்கூலில் இவளையும் சேர்த்துக்கொண்டாள் என்று எடுத்துக்கொள்கிறார். "எவ்வளவு பங்கு?" என்று கேட்கிறார். "பாதிக்குப் பாதிப்பா." "லாபத்துல சரி. நட்டம் வந்தா?" "அதுவும் பாதிதான்." "எழுதிக்கிட்டீங்களா?" "எழுத முடியாதுப்பா. வாய்ப் பேச்சுதான்." "வாய்ப் பேச்ச நம்பி இருந்துடுவீங்களா ரெண்டு பேரும்?" "இருந்துடுவோம்." "அப்ப சரி. கூட்டாளிக்கும் ஒரு டீ சொல்லு" என்கிறார் அவர். அந்த இடத்தில் அம்மா சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். நானும் தொடையைத் தட்டிச் சிரித்தேன். கிழவனுக்கு ஒன்றுமே விளங்கவில்லை பார் என்றேன். அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இந்த மாதிரி ரெண்டு பேரு நம்ம வீட்டுக்கு வந்து நின்னா என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டாள். "லோரி ஓட்டத் தெரிஞ்சா வரட்டும்" என்றேன் விளையாட்டாக. அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "பாப்பா வரட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

நீ வருவதற்கு முன்னால் அம்மா போய்விட்டாள். நெஞ்சு வலி என்று சொன்னவள் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை. நான் போன் செய்தேன், நீ வந்தாய், உன்னோடு ஒரு பெண் வந்தாள். உயரமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, செருப்பை வாசலில் ஓரமாக ஜோடி சேர்த்து விட்டுவிட்டு உள்ளே வந்தாள். நீ அழுதழுது முகம் வீங்கிப்போய் இருந்தாய். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இது தர்ஷினி. என் கூட்டாளிப்பா" என்றாய். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாய். அழுகைக்கு நடுவே உன் முகத்தில் ஏதோ ஒன்றுக்குக் காத்திருக்கிற பாவனை இருந்தது. "வாம்மா, உட்காரு" என்றேன். நீ இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தாய். நான் பந்தல்காரன் கூப்பிடுகிறான் என்று நகர்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை வாத்தியார் எழுதத்தான் வேண்டும். வாய்க்கரிசி போடும் நேரம். சொந்தக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். நான் போட்டேன், நீ போட்டாய், உனக்குப் பின்னால் தர்ஷினி கைக்குள் அரிசியை வைத்துக்கொண்டு நின்றாள். உன் அத்தை என் காதருகே வந்து, "யார்டா இந்தப் பொண்ணு? உனக்கு அடுத்து பாப்பா, பாப்பாக்கு அடுத்து இவ நிக்கிறா?" என்றாள். எனக்கு அன்று காது அடைத்திருந்தது, அதனால் குரல் உயர்ந்துவிட்டது. "பாப்பாவோட கூட்டாளிக்கா" என்றேன். தர்ஷினியைப் பார்த்து, "கூட்டாளிங்கெல்லாம் அப்புறம் போடலாம்மா. மொதல்ல குடும்பம்" என்றேன். அத்தனை பேருக்கும் கேட்டது. அவள் வரிசையை விட்டு வெளியே வந்து சுவர் ஓரமாகப் போய் நின்றாள். கையை மட்டும் திறக்கவில்லை. அதற்குள் வண்டி வந்துவிட்டது, நேரமாகிறது என்றார்கள், பெட்டியை மூடினார்கள். நீ பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய்.

சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு நான் சமையலறைக்குள் போனபோது அவள் குழாயடியில் நின்று, வந்தவர்கள் குடித்த கோப்பைகளை ஒற்றைக் கையால் கழுவிக்கொண்டிருந்தாள். இன்னொரு கை அப்படியே மூடியிருந்தது.

"அங்கிள், நான் தேத்தண்ணி போடட்டோ?" என்றாள். அவர்கள் வீட்டுப் பேச்சு யாழ்ப்பாணப் பேச்சு, அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"வேண்டாம்மா. கையில என்ன?"

"அரிசி. எங்க போடுறதெண்டு தெரியேல்ல அங்கிள்."

"காக்காக்குப் போட்டுடும்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒரு பெண் காலையிலிருந்து அந்த அரிசியைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் நடைபாதைக்குப் போய்ச் சுவர்மேல் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். நீ போய் அவள் பக்கத்தில் நின்றாய். மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் இரண்டு பேரும் புறப்பட்டுவிட்டீர்கள். அதற்குப் பிறகு நீ போன் செய்கிறாய், மருந்து சாப்பிட்டீங்களா என்கிறாய், வீட்டுக்கு வரவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை.

(இந்த இடத்தில் வாத்தியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணே, இத எழுதணுமா? யாராச்சும் பார்த்தா?" என்றார். பார்க்கட்டும் சார், எழுதுங்க என்றேன். கோயில் கமிட்டியில் அவர் இருக்கிறார். நாளைக்கு இந்த ஃபிளாட் முழுக்கத் தெரிந்துவிடும். அன்றைக்கு எல்லார் காதிலும் விழும்படி ஒன்று சொன்னேன் அல்லவா, இதுவும் எல்லார் காதிலும் விழட்டும் என்றுதான் அவரைக் கூப்பிட்டேன்.)

எனக்கு எப்போது விளங்கியது என்று கேட்பாய். அம்மா இல்லாமல் சாயங்காலங்கள் போகவில்லை. டிவி போட்டால் சத்தம்தான் வருகிறது, பேச்சு வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த மஞ்சள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாத்தியாரிடம் போய், "சார், கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க, நல்ல சிரிப்புக் கதை" என்றேன். சும்மா சிரித்துவிட்டு வரலாம் என்றுதான். வாத்தியார் நல்ல மனிதர், ஆனால் கதை வாசிக்கத் தெரியாது, இதை எழுதும்போதும் அவருக்கு முகம் மாறுகிறது. வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிற மாதிரி ஒரே சீராக வாசித்தார். டுரியான் லோரி வந்தது, போனது, சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளை இல்லை என்று அவருக்குத் தெரிந்த இடத்தில், "அண்ணே, இது வந்து..." என்று இழுத்தார். "தெரியும், வாசிங்க" என்றேன். பாத்திரக்கடை வந்தது. இது என் கூட்டாளிப்பா. எவ்வளவு பங்கு? பாதிக்குப் பாதிப்பா. நட்டம் வந்தா? அதுவும் பாதிதான். எழுத முடியாதுப்பா, வாய்ப் பேச்சுதான். இருந்துடுவோம்.

சிரிப்பில்லாமல் கேட்டேன் பாப்பா. அம்மா வாசித்தபோது அந்தச் சொல்லுக்குமேல் எங்கள் சிரிப்பு விழுந்து மூடிவிட்டது. வாத்தியார் குரலில் அது வெறுமனே வந்து என் முன்னால் நின்றது. அந்தக் கடைக்காரர் தெரியாமல் கேட்டாலும், ஒரு அப்பன் தன் மகளிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டார். லாபத்தைக் கேட்டார், நட்டத்தைக் கேட்டார், டீயும் சொன்னார். எனக்கு அதே சொல்லை நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். அப்பாவும் கேட்டார், நன்றாகச் சிரித்தார் என்று அம்மா உனக்குப் போனில் சொல்லியிருப்பாள். அப்பாவுக்குத் தெரியும், இந்தச் சொல் போதும், பிடித்துக்கொள்வார் என்று நம்பிச் சொல்லியிருக்கிறாய். நான் உன் சொல்லைப் பிடிக்கவில்லை. அதையே எடுத்து அவளை வரிசையிலிருந்து தள்ளப் பயன்படுத்தினேன். வாத்தியார் வாசித்துக்கொண்டே போனார். நான் போதும் சார் என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன். அன்றே உனக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. என்ன சொல்லி ஆரம்பிப்பது? 'பாப்பா, அந்தச் சொல் இன்றைக்குத்தான் புரிந்தது' என்றா? அப்படியே நாள் போயிற்று. நீ தனியாகத்தான் வருகிறேன் என்று சொல்லும்வரைக்கும் போயிற்று.

நேற்று ஃபெரி ஏறி, பஸ் பிடித்து, கெப்பாலா பத்தாஸ் போய் உன் அத்தையைப் பார்த்தேன். திதிக்குக் கூப்பிட. "அன்னிக்குக் கேட்டியே, யார்டா இந்தப் பொண்ணுன்னு. அவ நம்ம வீட்டு மருமவக்கா" என்றேன். அத்தை வெற்றிலையை மடித்தபடியே என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"உனக்கு மவனே கெடையாதேடா."

"ஆமா. மவதான். அவ கட்டிக்கிட்டவ."

"கிறுக்குப் புடிச்சிருச்சா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்க்கா. நானும் பாப்பா அம்மாவும் இந்த மாதிரி ஒரு கதைய வெச்சு மூணு மாசம் சிரிச்சோம். சிரிச்சா ஒண்ணும் ஆயிடாது."

அத்தை வெற்றிலையைப் போடாமல் தட்டில் வைத்துவிட்டாள். "நான் வரல" என்றாள். எனக்குமேல் பிறந்தவள், என்னைத் தூக்கி வளர்த்தவள். வாசல்வரைக்கும் வந்து வழியனுப்புவது அவள் வழக்கம், நேற்று வரவில்லை. பஸ்ஸில் வரும்போது மனசு கனத்துத்தான் இருந்தது. உன்னிடம் மறைக்கவில்லை. திதிக்கு எல்லாரும் கூடி உங்களைக் கொண்டாடுவார்கள் என்றெல்லாம் சொல்லிக் கூப்பிட என்னால் முடியாது. சில பேர் வரமாட்டார்கள். வருகிறவர்களும் கண்ணால் பேசிக்கொள்வார்கள். அதெல்லாம் நட்டக் கணக்கு. அதில் எனக்கும் ஒரு பங்கு போடு.

இரண்டு பேரும் முந்தின நாளே வந்துவிடுங்கள். உன் அறையை ஒழித்துத் துடைத்துவிட்டேன், மெத்தை வெயிலில் காய்ந்தது. திதி அன்று அம்மாவுக்குப் படைக்கும் இலையில் முதல் அகப்பைச் சோறு நீ வை, குழம்பு அவள் ஊற்றட்டும். அம்மாவுக்கு நெத்திலிச் சம்பல் பிடிக்கும், படையலில் மீன் ஆகாது என்று ஐயர் சொல்லுவார், அதை மட்டும் நாம் பிறகு சாப்பிடுவோம். அவளிடம் சொல், என்னை அங்கிள் என்று கூப்பிட வேண்டாம். மாமா என்று கூப்பிடட்டும். உடனே வாயில் வராது, தெரியும். எனக்கும் சில சொல் உடனே காதில் ஏறவில்லைதானே. அவள் மன்னிக்கவில்லை என்றால் மன்னிக்க வேண்டாம், ஆனால் வரட்டும். வந்து என் வீட்டில் கோபமாகவே உட்காரட்டும். நீ என்னிடம் கோபித்துக்கொண்டு எத்தனை தடவை இதே வீட்டில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாய்! பிள்ளைகளுக்கு அந்த உரிமை உண்டு. அவளுக்கும் உண்டு.

இன்னொன்று. அம்மாவுக்கு அவள் போடாத அரிசியை இனி யாரும் திருப்பித் தர முடியாது. என்னிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றுதான் இருக்கிறது. எனக்கும் நாள் வரும். ஆக்லாந்திலிருந்து வந்து சேர நேரமாகும், எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டேன், அவர் தலையாட்டிவிட்டு இதோ எழுதுகிறார். யார் அவசரப்படுத்தினாலும் பெட்டியை மூடக்கூடாது. வரிசையில் முதலில் நீ நிற்க வேண்டும், உனக்கு அடுத்து தர்ஷினி. யார் என்று எவராவது கேட்டால், சத்தமாகச் சொல். அவள் கை நிறைய அரிசி எடுத்து என் வாயில் போடட்டும். அதற்குப் பிறகு மூடலாம்.

அப்பா